ஆந்தை இல்லாமல் ஆந்தைப் பாடம்

வங்காளத்தில் ஆந்தை லட்சுமியின் வாகனம். பல தமிழ் வீடுகளில் அது அலறினால் சாவுச் செய்தி. இரண்டுமே அந்தப் பறவைக்கு நல்லதாக இல்லை. செல்வம் வேண்டி தீபாவளி சமயத்தில் மாந்திரீக பூஜையில் பலியாவதும் அதுதான், அபசகுனம் என்று கல்லடி படுவதும் அதுதான்.

இப்போது செல்லம் கொஞ்ச வருபவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இந்தியாவின் சுமார் 30 வகை ஆந்தைகளில் பாதி, சந்தையில் திருட்டுத்தனமாக விற்கப்படுவதாகப் பறவையியலாளர் அப்ரார் அகமதுவின் 2010ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அவரிடமே வசதியான தோழி ஒருவர், மகனின் பத்தாவது பிறந்தநாளுக்கு உயிருள்ள வெள்ளை ஆந்தை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். ஹாரி பாட்டர் பாணி விருந்தாம்! ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அப்படியானால் குழந்தைக்கு ஆந்தையை எப்படித்தான் அறிமுகப்படுத்துவது? தில்லி ஆர்.கே. புரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். எதிரே வேப்பமரப் பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி. அது கத்தினால் பாட்டி ஜன்னலைச் சாத்துவார். எட்டு வயதுப் பேத்தி போர்வைக்குள் புகுந்துகொள்வாள். அப்பா வாதாடவில்லை. ஒரு ஞாயிறன்று மகளின் கண்ணைக் கட்டி, கூடத்தின் நடுவில் உட்காரவைத்து, மூலைக்கு மூலை போய் சாவிக்கொத்தைக் குலுக்கினார். பெரும்பாலும் சரியாகக் கைகாட்டினாள். ஒரு காதில் பஞ்சை வைத்ததும் சமையலறைச் சத்தத்தை பால்கனியில் தேடினாள். வெண்முகக் கூகைக்கு இரண்டு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை. அதனால் சத்தம் இடமா வலமா என்பதோடு மேலா கீழா என்பதும் அதற்குத் துல்லியமாகத் தெரியும். கும்மிருட்டில் எலி சிக்குவது இப்படித்தான்.

அடுத்து, கண்களில் இரண்டு அட்டைக் குழல்கள். ஆந்தையால் விழியைச் சுழற்ற முடியாது, கழுத்தைத்தான் திருப்ப வேண்டும். அதன் கழுத்தில் 14 எலும்புகள், 270 டிகிரி வரை திரும்பும். நமக்கு 7. சிறுமி முக்கால் வட்டத்துக்கு முயன்று நாற்காலியோடு சாய்ந்தாள்.

காகிதத் தட்டில் ஆந்தை முகம் ஒட்டுவது எல்லாப் பள்ளியிலும் உண்டு. அழகுதான், ஆனால் அதில் ஆந்தை இல்லை. மரத்தடியில் கிடந்த சாம்பல் நிற உருண்டையில் இருந்தது. செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் வண்டு ஓடுகளையும் ஆந்தை இப்படித்தான் உருட்டிக் கக்கும். கையுறை மாட்டி, வெந்நீரில் ஊறவைத்து, இடுக்கியால் பிரித்துக் கறுப்புத் தாளில் அடுக்கினார்கள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. வண்டுக் கால்களுக்கு நடுவே, ஆரஞ்சு நிறப் பல்லோடு ஒரு குட்டித் தாடை.

மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்த்த பாட்டி, “ஏண்டா, இது எலியா?” என்றார். அரிசி மூட்டையைக் கடித்த எலியாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். “இருக்கலாம் பாட்டி” என்றாள் பேத்தி, இன்னொரு தாடையைத் தேடிக்கொண்டே.