ஆறாயிரம் புள்ளிகள்

மண்கும்பானில் இருக்கும் என் மருமகன் யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் கிராபிக்ஸ் கார்ட் எனப்படும் வரைகலை அட்டை ஒன்றை வாங்கினான். ஒருவர் பாவித்துக் கொடுத்தது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். ஏழு நாட்களுக்குள் குறை கண்டால் மாற்றித் தருவதாகப் பேச்சு. காசு அனுப்பியவர் கனடாவிலுள்ள அவனது சித்தப்பா.

பொருத்துவது பெரிய வேலையன்று. மின்சாரத்தைத் துண்டித்து, தாய்ப்பலகையின் நீண்ட துளையில் 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்தவேண்டும். இவ்வட்டை 125 வாட் வரை உண்ணும். அந்தத் துளை தருவதோ 75 வாட். ஆகவே மின்வழங்கியிலிருந்து எட்டு முனைச் செருகி ஒன்றையும் மாட்டினோம். பிறகு 3டிமார்க் சோதனை.

"மாமா, ஆறாயிரம் வந்திட்டுது!" என்று துள்ளினான். கடைக்காரர் காட்டிய தாளிலும் ஏறத்தாழ அதே புள்ளிதான்.

நான் துள்ளவில்லை. அமைச்சர் வருகைக்கு முதல்நாள் வெள்ளையடித்த பாடசாலைகளைப் பற்றி எழுதியே தலை நரைத்தவன் நான். இத்துறையிலும் வெள்ளையடிப்பு உண்டு. 2001 இல் ஏரிஐ நிறுவனத்தின் ரேடியோன் 8500 அட்டையைச் சோதித்தவர்கள், 'குவேக் 3' விளையாட்டில் அந்தப் பெயர் வருமிடங்களைக் 'குவாக்' என மாற்றிப் பார்த்தார்கள். விளையாட்டு அதேதான், வேகம் குறைந்துவிட்டது. இயக்கி மென்பொருள் பெயரை அடையாளம் கண்டு, படத்தின் தரத்தைத் தாழ்த்தி வேகம் காட்டியிருக்கிறது. 2003 மே மாதத்தில், 3டிமார்க்கை உருவாக்கிய ஃபின்லாந்தின் ஃபியூச்சர்மார்க் நிறுவனம் என்விடியாவின் மென்பொருளிலும் தந்திரங்களைக் கண்டது. சோதனையில் கமரா செல்லும் பாதை மாறாது. அப்பாதையிலிருந்து தெரியாத பகுதிகளை வரையாமலே விட்டிருந்தார்கள். திருத்திய பதிப்பில் புள்ளிகள் 24 வீதமளவு விழுந்தன. மறுமாதமே இரு நிறுவனங்களும் கூடி, அது 'ஏமாற்று' அன்று என அறிக்கை விட்டது வேறு கதை. பத்திரிகையில் இதனை 'வருந்துகிறோம்' பகுதியில் போடுவோம்.

எங்கள் அட்டையில் அத்தகைய சூது இல்லை. ஆனால் சோதனை சில நிமிடங்களே. மண்கும்பானின் சித்திரை மதியம் நெடியது. பழைய அட்டைகளிற் பல, 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் அகழ்வு முறையைக் கைவிடும்வரை இரவுபகலாக ஓடியவை. அவற்றில் விசிறிகளே பெரும்பாலும் முதலில் தேயும். ஆகவே, பிற்பகல் இரண்டு மணிக்கு, அவன் வழக்கமாக ஆடும் விளையாட்டையே ஒரு மணி நேரம் ஓடவிடச் சொன்னேன்.

தொடக்கத்தில் விநாடிக்குத் தொண்ணூறு சட்டகங்கள். இருபது நிமிடத்தில் வெப்பம் 84 பாகை. சட்டகங்கள் அறுபதுக்கு இறங்கின. பெட்டியைத் திறந்தால், இரு விசிறிகளில் ஒன்று அசையவேயில்லை.

மறுநாள் அட்டையையும், நின்ற விசிறியின் காணொளியையும் எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலம் கடந்தான். கடைக்காரர் முதலில் அந்தத் தாளையே மீண்டும் நீட்டினாராம். காணொளியைக் கண்டபின் வேறோர் அட்டை தந்தார். அதன் புள்ளிகள் முன்னதைவிட நாற்பது குறைவு. பிற்பகலில் ஒரு மணி நேரம் ஓடிய பின்னும் 72 பாகையில் நின்றது.