ஆள்பிடிப்போர்: அன்றும் இன்றும்

பத்து காவானில் இன்று பெருந்தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர்ப் பாலம் அதனைப் பினாங்குத் தீவோடு பிணைத்துள்ளது. ஆயினும் இது முன்னே கரும்பும் ரப்பரும் விளைந்த பூமியென்பதைத் தோட்டத்து மக்களாகிய நாங்கள் மறந்தோமில்லை. எங்கள் முன்னோர் இங்கு வந்த வகையை எண்ணுங்கால், இன்றைய குற்றங்களின் மூலமும் எனக்கு விளங்குகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆள்பிடிப்போர் தஞ்சைச் சீமையின் சிற்றூர்களிலே திரிந்தனர். நல்ல கூலியென்று ஆசை காட்டி, முன்பணத்தால் கடனாளியாக்கி, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினர். கடத்திக் கொணரப்பட்டோரும் உளர். ஒரு கரையில் நடந்த வஞ்சகத்தை மறுகரையில் விசாரிப்பார் யார்? 1872இல் இந்திய அரசாங்கமும், 1876இல் இக்கரை அரசாங்கமும் சட்டம் இயற்றிய பின்னரே கேள்விமுறை பிறந்தது. அச்சட்டங்கள் கூலியின் துயரை ஒழித்தன என்று சொல்லேன். ஒப்பந்த முறை 1910 வரை நீடித்தது. ஆயினும் இரு கரையிலும் காவல் வேண்டுமென்னும் பாடம் அன்றே கிடைத்தது.

இன்று ஆள்பிடிப்போன் கைத்தொலைபேசியில் வருகிறான். தாய்லாந்தில் கணினி வேலையென்று நம்பிச் சென்று, மியன்மாரின் மியாவடியில் அடைபட்டு, பிறரை ஏமாற்றும் தொழிலுக்கு வதைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர் சிலர் 2022இல் மீட்கப்பட்டனர். மலேசிய இளைஞரும் இத்தகைய வலையில் வீழ்ந்தனர். அன்று ஏமாந்தவன் கரும்பு வெட்டினான். இன்று ஏமாந்தவனைக் கொண்டே பிறரை ஏமாற்றுகின்றனர். குற்றம் அடைந்துள்ள மாற்றம் இதுவே.

இவ்வாறு பறித்த பணத்திற்கு வங்கிக் கணக்கு வேண்டுமன்றோ? எனக்குத் தெரிந்த இளைஞனொருவனிடம், கணக்கையும் அட்டையையும் கொடுத்தால் முந்நூறு ரிங்கிட் தருவதாக ஒருவன் பேசினானாம். “நான் யாரிடமும் திருடவில்லையே, அட்டையைத்தானே கொடுக்கிறேன்?” என்று அவ்விளைஞன் என்னைக் கேட்டான். தோழர்களே! திருட்டுப் பணம் எல்லை கடக்கும் ஓடம் அந்த அட்டைதான். 2024இல் திருத்தப்பட்ட மலேசியத் தண்டனைச் சட்டம் அதனையும் குற்றமென்கிறது. இதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அட்டை அவனிடமே இருக்கிறது.

இணையக் குற்றத்திற்கெதிரான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2024 டிசம்பரில் ஏற்றது. நன்றே. ஆனால் அரசாங்கங்களின் கடிதம் மாதக்கணக்கில் நடக்கும். பணமோ நிமிஷத்தில் பறக்கும். ஆதலின் பணமிழந்தவர் அக்கணமே 997 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். அவ்வழியே வங்கியும் காவல்துறையும் சேர்ந்து பணத்தைத் தடுக்க முயல்கின்றன. நம்மவரோ வெட்கத்தால் வாய் மூடித் “தலைவிதி” என்கின்றனர். வெட்கம் வஞ்சித்தவனுக்குரியது. கப்பலேறிய நம் முன்னோருக்கு விசாரித்தறிய வழியில்லை, நமக்குண்டு. புறப்படுமுன் விசாரியுங்கள், ஏமாந்தால் உரக்கச் சொல்லுங்கள்.