கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில்: ராயபுரம் முதல் பழவேற்காடு வரை

தோள்பையோடு வடசென்னையைச் சுற்ற வருபவர்களுக்கு ராயபுரம் ரயில் நிலையமே பொருத்தமான தொடக்கம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. உயர்ந்த தூண்களைக் கொண்ட அந்தப் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. ஆனால் நின்று பார்ப்பவர்கள் குறைவு. பெருமைப்பட வேண்டிய ஊர் இதை மறந்திருப்பது வருத்தத்துக்குரியது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில்தான். ஏலம் பார்க்க விடியுமுன் போய்விட வேண்டும்.

வடக்கே திருவொற்றியூர். 2021 முதல் மெட்ரோவும் இவ்வழியே விம்கோ நகர் வரை போகிறது. இங்குள்ள தியாகராஜர் கோயில் தேவார மூவரின் பாடல் பெற்றது; அவசரமாகப் பார்த்துத் திரும்பும் கோயில் அல்ல. மூலவர் ஆதிபுரீஸ்வரரின் கருவறை பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். முதலாம் ராஜேந்திரன் காலக் கற்றளி. புற்று வடிவான லிங்கத்தை ஆண்டு முழுவதும் கவசம் மூடியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைவார்கள். அப்போது தெருவெல்லாம் கூட்டம். தல மரம் மகிழம். மனைவி சங்கிலி நாச்சியாரைப் பிரியமாட்டேன் என்று அந்த மூவரில் ஒருவரான சுந்தரர் சத்தியம் செய்தது அதன் அடியில்தான். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவர் பார்வை போயிற்று என்கிறது பெரியபுராணம். கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது.

எண்ணூர் தாண்டியதும் ரயில் கொசஸ்தலையாற்றுப் பாலத்தில் ஏறுகிறது. ஒருபுறம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். மறுபுறம் கழிமுகத்தில் வலை வீசும் படகுகள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவு இந்தப் படகுகளையும் வலைகளையும் கருப்பாக்கியது. நகரத்துக்கு மின்சாரம் தரும் ஊர் அதற்குக் கொடுக்கும் விலை மிக அதிகம்.

பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள்; சோழமண்டலக் கரையில் அவர்களது துணி வணிகத்துக்கு இதுவே நெடுங்காலம் தலைமையிடம். டச்சுக் கல்லறைத் தோட்ட வாசலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றின் கையில் மணல் கடிகாரம். உள்ளே கருங்கல் பலகைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்தும் இன்னும் தெளிவாக உள்ளன. பழவேற்காடு ஏரியில் இருளர் பழங்குடியினர் பறி என்னும் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். டச்சுக்காரர்களிடமிருந்து 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கல்லறைகளைத் தொல்லியல் துறை காக்கிறது. கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடுதான் மிச்சம்.