ஐயோ என்றால் போகலாம் என்று அர்த்தம்

முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு உயரம்னா பயம். ஸ்டூல் மேல ஏறி ட்யூப்லைட் மாத்தச் சொன்னாலே உள்ளங்கால் கூசும். பாட்டி ஊர்ல லீவுக்குப் போனா, கிணத்துல எல்லாப் பசங்களும் மோட்டார் ரூம் மேல இருந்து குதிப்பாங்க. நான் படியில உக்காந்து எல்லார் சட்டைக்கும் காவல். இப்படிப்பட்ட நான், இத்தாலியில ஒரு கடலோரப் பாறையில கயிறு கட்டித் தொங்கிக்கிட்டு இறங்கிட்டு வந்த கதை இது. சாகசக் கதைன்னு நினைச்சு யாரும் உக்காராதீங்க. இது ஒரு பொய் சொல்லி மாட்டிக்கிட்ட கதை.

இடம் சார்டீனியா. மத்தியதரைக் கடல்ல சிசிலிக்கு அடுத்த பெரிய தீவு. அதோட கிழக்குக் கரையில பவுனேய்னு ஒரு மலை ஊர். அந்த ஊர் எல்லைக்குள்ள ஒரோசேய் வளைகுடா ஓரமா சுண்ணாம்புப் பாறை சுவர் மாதிரி எழும்பி நேரா கடல்ல விழுது. அந்தச் சுவர் மேல போற பாதைக்குப் பேர் செல்வாஜ்ஜோ ப்ளூ. காட்டு நீலம்னு சொல்லலாம். பேர்ல இருக்கிற கவிதை நடக்கும்போது இருக்காது. சுமார் 40 கிலோமீட்டர்தான், ஆனா அஞ்சு நாள் ஆகும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தாலே பெரிய விஷயம். சமதளமே கிடையாது. கத்தி முனை மாதிரி அரிச்சுப் போன பாறை, புதர், செங்குத்துப் பள்ளம், மறுபடி பாறை. முக்கியமான விஷயம், வழியில குடிக்கத் தண்ணீர் கிடையாது. மழை பெய்ஞ்சா சுண்ணாம்புப் பாறை அத்தனையையும் உறிஞ்சி உள்ளே அனுப்பிடும். அதனால சாப்பாடும் தண்ணியும் படகுல வரும். குறிப்பிட்ட சில சின்னக் கடற்கரையில இறக்கி வெச்சுட்டுப் போவாங்க. கடல் கொந்தளிச்சா அதுவும் வராது.

இந்தப் பாதையை 1987-ல மரியோ வெரின், பெப்பினோ சிக்கலோன்னு ரெண்டு பேர் சேர்த்து உருவாக்கினாங்க. உருவாக்கினாங்கன்னா வெட்டிப் போடல. ஆடு மேய்க்கிறவங்க போன தடம், கரி சுடுறவங்க போன தடம், இதையெல்லாம் தேடித் தேடிக் கோர்த்தாங்க. ஒரு காலத்துல இத்தாலியின் டஸ்கனி பக்கத்துல இருந்து கூலியாட்கள் இங்க வந்து காட்டை வெட்டிக் கரி சுட்டு, கப்பல்ல ஏத்தி அனுப்பியிருக்காங்க. அவங்க மூட்டம் போட்ட வட்டமான சமதளங்கள் இன்னும் காட்டுக்குள்ள இருக்கு. நாங்க ராத்திரி படுத்ததெல்லாம் அதுலதான். டென்ட் இல்லை. பாய் மாதிரி ஒண்ணு, அதுமேல ஸ்லீப்பிங் பேக், அதுமேல வானம். (எங்க படுக்கலாம், எங்க கூடாதுங்கறதுக்கு பவுனேய் ஊராட்சி விதிகள் இருக்கு. போறவங்க அதைக் கேட்டுட்டுப் போங்க. நெருப்பு மூட்ட எங்க கைடு கடைசி வரைக்கும் விடலை.)

இப்போ பொய் விஷயத்துக்கு வரேன்.

லேப்ல கூடப் படிக்கிற இத்தாலிய நண்பன் ஒருத்தன் இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தான். கூட வர வேண்டியவனுக்குக் கணுக்கால் சுளுக்கிடுச்சு. ஒரு இடம் காலி, நீ வரியான்னு கேட்டான். கடல், நட்சத்திரம், அஞ்சு நாள் லேப் கிடையாது. வரேன்னு சொல்லிட்டேன். அப்புறம் ஒரு படிவம் வந்தது. அதுல ஒரு கேள்வி: கயிற்றில் இறங்கிய அனுபவம் உண்டா? வேற வாரங்கள்ல போறவங்களுக்கு முதல் நாள் பயிற்சி தருவாங்களாம். எங்க வாரத்துல எல்லாரும் பழக்கப்பட்டவங்கங்கறதால அது கிடையாது. நண்பன் சொன்னான், "ஆமாம்னு போடு, சனிக்கிழமை மலைக்குக் கூட்டிட்டுப் போய் நானே கத்துத் தரேன்." போட்டேன். சனிக்கிழமை மழை. அதுக்கடுத்த சனிக்கிழமையும் மழை. அதுக்கடுத்த சனிக்கிழமை நாங்க கப்பல்ல இருந்தோம்.

மொத்தம் ஆறு பேர், ரெண்டு கைடு. பெரியவருக்கு ஐம்பது வயசு இருக்கும், உள்ளூர்க்காரர், தாத்தா காலத்துல இருந்து ஆடு மேய்ச்ச குடும்பம். சின்னவன் எங்க வயசு. பெரியவர் கிளம்பும்போதெல்லாம் கையைத் தட்டி "அயோ!"ன்னு கத்துவார். முதல் தடவை நான் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தேன், யாருக்கோ அடிபட்டுடுச்சுன்னு. சார்டீனிய மொழியில அதுக்கு 'போகலாம், வாங்க'ன்னு அர்த்தமாம். நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு நான் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். அந்த ரெண்டு நாளும் என்னைப் பார்த்து "அயோ, அயோ"ன்னு பாசமாக் கூப்பிட்டார். நான் சொல்லியிருந்த பொய் வயித்துக்குள்ள கிடந்தது, அதனால அந்தப் பாசம் இன்னும் கஷ்டமா இருந்தது.

முதல் ரெண்டு நாள் கயிறு வேலை இல்லை. பெத்ரா லோங்கான்னு கடல் ஓரமா நிக்கிற 128 மீட்டர் கூர்ப்பாறையில ஆரம்பிச்சு கிட்டத்தட்ட 700 மீட்டர் ஏற்றம். நடுவுல ஜூனிப்பர் மரக்கட்டைகளைப் பாறை இடுக்குல செருகி வெச்ச ஏணிகள் வரும். ஆணி, கம்பி எதுவும் இருக்காது. ஆடு மேய்க்கிறவங்க அமைச்ச பழைய முறை. பென்சில் சீவின வாசனை வரும் அந்தக் கட்டையில. மேலே ஏறிட்டு மூச்சு வாங்கிப் பார்த்தா, நமக்கு முன்னாடி அங்க ஒரு ஆடு நின்னு மென்னுக்கிட்டு இருக்கும். சாப்பாடு பெரும்பாலும் பானே கரசாவுன்னு ஒரு காய்ஞ்ச ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ். அந்த ரொட்டி அப்படியே நம்ம அப்பளம். மாசக்கணக்கில கெடாதுங்கறதால மேய்ப்பர்கள் கொண்டு போற சாப்பாடாம். நான் அதை நொறுக்கினப்போ வந்த சத்தத்துல எனக்கு ஒரு நிமிஷம் கல்யாணப் பந்தி ஞாபகம் வந்துடுச்சு.

ரெண்டாவது நாள் சாயங்காலம் கலா கோலோரிட்சே. 1962-ல நடந்த நிலச்சரிவுல உருவான கடற்கரை. 1995-ல இயற்கைச் சின்னமா அறிவிச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு 250 பேருக்கு மேல விடறதில்லை. தண்ணி நீல நிற மைக்கூட்டை உடைச்ச மாதிரி. தலைக்கு மேல 143 மீட்டருக்கு ஊசி மாதிரி ஒரு பாறை. எல்லாரும் குதிச்சு நீந்தினாங்க. நான் கரையில உக்காந்து நாளைக்கு வரப்போற கயிறைப் பத்தியே நினைச்சுக்கிட்டிருந்தேன். மறுபடியும் சட்டைக்குக் காவல்.

அங்க படுக்கக் கூடாது, மேல காட்டுக்குள்ள போய்ப் படுத்தோம். எல்லாரும் தூங்கினதும் ஹெட்லாம்ப் வெளிச்சத்துல ஹார்னெஸை மாட்டிப் பழகிக்கிட்டிருந்தேன். கால் வளையம் முறுக்கிக்கிட்டு வரவே மாட்டேங்குது. பக்கத்துல படுத்திருந்த ரிடையர்டு டீச்சரம்மா எழுந்து உக்காந்தாங்க. அறுபது வயசுக்கு மேல. கொஞ்ச நேரம் பார்த்துட்டு மெதுவாக் கேட்டாங்க, "உனக்கு இது முதல் தடவை, இல்லையா?"

ஆமாம்னேன்.

"இப்பவே போய் அவர்கிட்ட சொல்லு. நாளைக்குப் பாறை மேல நின்னுக்கிட்டு சொன்னா அவருக்கு வேற வழி இருக்காது."

போய் எழுப்பினேன். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இத்தாலியன்ல சொன்னேன். கத்துவார்னு எதிர்பார்த்தேன். கத்தல. ரொம்ப நேரம் பேசாம இருந்தார், அது அதைவிட மோசம். அப்புறம் ஒரு கயிறை எடுத்து நடுவுல மடிச்சுக் காட்டினார். இத்தாலியன்ல ராப்பெல்லுக்குப் பேரே இரட்டைக் கயிறு. கயித்தோட நடுப்பாகத்தை மேல இருக்கிற வளையத்துல கோர்த்து, ரெண்டு முனையும் கீழ தொங்கும். கடைசி ஆள் இறங்கினதும் ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தா மொத்தக் கயிறும் கீழ வந்துடும். அடுத்த பாறைக்கு அதே கயிறுதான் வேணும். "அதை இழுத்த பிறகு, மேல போக வழி கிடையாது. பாதி வழியில, கையகலத் திட்டுல நீ உறைஞ்சு நின்னா, உன்னோட சேர்த்து எட்டுப் பேர் நிக்கணும். தண்ணி எவ்வளவு இருக்குன்னு உனக்கே தெரியும்."

அதுவரைக்கும் நான் சொன்ன பொய் என்னைப் பத்தினதுன்னுதான் நினைச்சிருந்தேன்.

ரெண்டு வழி சொன்னார். இங்கிருந்து மேல கோல்கோ பீடபூமிக்கு நல்ல பாதை இருக்கு, ஒன்றரை மணி நேரம், காலையில நான் அதுல ஏறிப் போயிடலாம். இல்லைன்னா விடியறதுக்கு முன்னாடி எழுந்து அவருக்குக் காட்டணும். காட்டறது சரியில்லைன்னா முதல் வழிதான். நண்பன் பக்கத்துல முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தான், ஆனா ஒரு வார்த்தை பேசல. (அதைப் பத்தி அப்புறம் நாங்க சண்டை போட்டோம், அது தனிக்கதை.)

நாலரை மணிக்கு ஒரு ஆறு மீட்டர் பாறை. மேல மரத்துல கயிறு. நான் நினைச்சிருந்ததுக்கு எல்லாமே தலைகீழா இருந்தது. மேல யாராவது பிடிச்சுக்கிட்டு நம்மை விட்டு விட்டு இறக்குவாங்கன்னு நினைச்சிருந்தேன். யாரும் பிடிக்கறதில்லை. இடுப்புல ஒரு சின்ன உலோகத் துண்டு, அதுக்குள்ள கயிறு வளைஞ்சு போகும். கீழ்ப்பக்கம் வர்ற கயிறை நம்ம கை பிடிச்சிருக்கணும். அந்தக் கைதான் பிரேக். அதுக்குக் கீழ ஒரு மெல்லிய கயிறு சுத்தின முடிச்சு இருக்கும், கை தவறினா அது இறுகிப் பிடிக்கும். அதுவும் தவறினா கீழ நிக்கிற ஆள் கயிறை வேகமா இழுத்தா போதும், அப்படியே நின்னுடும். ஆனா பயத்துல கை தானாவே மேல்பக்கக் கயிறைத்தான் இறுக்கிப் பிடிக்கும். அங்க பிடிச்சு ஒரு பிரயோஜனமும் இல்லை. இன்னொரு விஷயம், பாறையை விட்டுச் சாஞ்சு உக்காரணும். ஒட்டிக்கிட்டா கால் வழுக்கும், முட்டி பெயரும். எனக்கு முதல் ரெண்டு தடவையும் பெயர்ந்தது. பத்துத் தடவை இறக்கினார். பத்தாவது முடிஞ்சதும் கயிறைச் சுருட்டிக்கிட்டே "அயோ"ன்னார். பாசமெல்லாம் இல்லை அதுல. கிளம்புன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

மூணாவது நாள் மத்தியானம் நிஜமான முதல் இறக்கம். சின்னவன் முதல்ல இறங்கிக் கீழ கயிறைப் பிடிச்சு நின்னான். டீச்சரம்மா ஏதோ மாடிப்படி இறங்கற மாதிரி போனாங்க. என் முறை வந்தப்போ பெரியவர் எல்லார் முன்னாடியும் சத்தமாக் கேட்டார்:

"கை எங்கே?"

"கீழே."

"முடிச்சு?"

"போட்டாச்சு."

"உக்காரு."

விளிம்புல காலை வெச்சுப் பின்பக்கமா சாயணும். பின்னாடி ஒண்ணுமே இல்லை, நாலு ஆள் உயரத்துக்குக் காத்து, அப்புறம் ஒரு திட்டு, அதுக்கு அந்தப்பக்கம் கடல். உடம்புல இருக்கிற ஒவ்வொரு எலும்பும் வேண்டாம்னு சொல்லுது. எவ்வளவு நேரம் அப்படி நின்னேன்னு தெரியல. யாரும் தைரியம் சொல்லல, கை தட்டல, சினிமாவுல வர மாதிரி எதுவும் நடக்கல. காத்திருந்தாங்க, அவ்வளவுதான். உக்காந்தேன். கயிறு இழுபட்டு எடையை வாங்கிக்கிட்டது. மூக்குக்கு முன்னாடி பாறையில ஒரு சின்னப் பூச்செடி இருந்தது, அதையே பார்த்துக்கிட்டு இறங்கினேன். கீழ வந்ததும் "லிபெரா!"ன்னு கத்தணும், கயிறு காலின்னு அர்த்தம். எனக்குத் தொண்டை வறண்டு சத்தமே வரல. சின்னவன்தான் எனக்காகக் கத்தினான்.

கடைசியா பெரியவர் இறங்கி வந்து ஒரு முனையை இழுத்தார். கயிறு மேல ஏறி, வளையத்தைத் தாண்டி, சர்ருன்னு பாம்பு மாதிரி வந்து எங்க காலடியில விழுந்தது. இறங்கும்போது வந்த பயத்தைவிட எனக்கு அந்தச் சத்தத்துலதான் அதிக பயம் வந்தது.

அதுக்கப்புறம் கலா சிசினே வரைக்கும் எத்தனை இறக்கம்னு நான் எண்ணல. பெரிய ஒண்ணு கிட்டத்தட்ட 45 மீட்டர், பாதியில பாறை உள்வாங்கி, கால் வைக்க எதுவும் இல்லாம அந்தரத்துல மெதுவாச் சுத்திக்கிட்டே இறங்கணும். வாந்தி வரல, அதுவே என் சாதனை. ஒவ்வொரு தடவையும் என்னை மட்டும் நிறுத்தி, சத்தமா, அதே கேள்விகள். மத்தவங்களைக் கேட்கறதே இல்லை, கண்ணாலயே பார்த்து அனுப்பிடுவார். மூணாவது நாள் எனக்கு அவமானமா இருந்தது. நாலாவது நாள் கோபம் வந்தது, இன்னும் எத்தனை தடவைன்னு. அஞ்சாவது நாள் கடைசி இறக்கத்துல அவர் கயிறுச் சிக்கலை எடுக்கறதுல கவனமா இருந்தார். நான் விளிம்புல நின்னுக்கிட்டு அவர் கேட்கறதுக்காகக் காத்திருந்தேன். கேட்காம இறங்க எனக்கு மனசு வரல. நிமிர்ந்து பார்த்தார்.

"கை எங்கே?"

"கீழே."

சிசினேயில படகுக்குக் காத்திருந்தப்போ பழைய மாதிரி "அயோ"ன்னு கூப்பிட்டு மீதியிருந்த ரொட்டியைக் கொடுத்தார். அடுத்த வருஷம் வருவியான்னு எல்லாரையும் கேட்டார், என்னைக் கேட்கல. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியல.

அம்மாகிட்ட நான் "பீச்சுக்குப் போறேன்"னு மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதுல பொய் ஒண்ணும் இல்லை பாருங்க :) திரும்பி வந்ததும் நண்பன் எடுத்த படம் ஒண்ணு குடும்ப வாட்ஸப் குரூப்புக்குத் தவறிப் போயிடுச்சு. அந்த 45 மீட்டர் படம்தான். அடுத்த நிமிஷம் போன். திட்டுவாங்கன்னு பார்த்தா, அம்மா ரொம்ப அமைதியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க:

"மேல கயித்தை யாருடா பிடிச்சுக்கிட்டிருந்தா?"

யாரும் இல்லைம்மான்னு எப்படிச் சொல்றது. "நாலு பேர்ம்மா"ன்னு சொல்லிட்டேன்.