அனலுக்கு அருகில் இருந்த பாறை



கருப்பூரில் வாழும் நம் சபைச் சகோதரி ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவர் கணவர் மூன்று ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். உபத்திரவம் மனிதனைப் புடமிடும் என்று வழக்கம்போல் ஆறுதல் கூறினேன். அவர் மெல்லக் கேட்டார்: "ஐயா, நெருப்பில் கிடப்பவர் அவர். அருகிலேயே இருக்கும் நான் என்ன ஆவேன்?" எனக்குப் பதில் வரவில்லை.

சூரமங்கலம் திரும்பும் வழியில் வெள்ளைக்கல் சுரங்கங்களின் மேடுகள் கண்ணில் பட்டன. பூமியின் ஆழத்திலிருந்து ஏறிவந்த பாறை ஒன்று அங்கே பழைய பாறைகளுக்குள் ஊடுருவியது. பிற்காலத்தில் கரியமில வாயு கலந்த நீர் அதன் விரிசல்களில் புகுந்ததால் உண்டானதே நாம் வெட்டியெடுக்கும் மேக்னசைட். கல்லூரியில் படித்த புவியியல் பாடம் நினைவுக்கு வந்தது.

பாறைக்குழம்பு ஊடுருவும்போது அதன் வெப்பம் சூழ்ந்துள்ள பாறையையும் மாற்றிவிடும். இதைத் தொடுகை உருமாற்றம் என்பர். அருகிலுள்ள பாறை பெரும்பாலும் உருகுவதில்லை; திடமாக இருந்தபடியே அதன் துகள்கள் புதிதாய் வளர்கின்றன. சுண்ணாம்புக்கல் பளிங்காகிறது, மணற்கல் குவார்ட்சைட் ஆகிறது, களிமண்பாறை இறுகிக் கடினமாகிறது. மெல்லிய ஊடுருவலின் ஓரத்தில் சில சென்டிமீட்டர் மட்டுமே மாறும். பெரும் திரளைச் சுற்றியோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் அதன் தடம் காணப்படும்.

அன்பானவர்களே, இரண்டு காரியங்கள் என் இருதயத்தைக் குத்தின. முதலாவது, மாறுவதற்கு நெருப்பில் விழவேண்டியதில்லை. நெருப்பினருகில் நெடுங்காலம் இருந்தாலே போதும். இரண்டாவது, ஒரே அனல் எல்லாவற்றையும் பளிங்காக்குவதில்லை. ஒவ்வொரு கல்லும் தன்னுள் இருப்பதற்கேற்பவே மாறுகிறது. அப்படியிருக்க, அச்சகோதரி பொன்னாய் மிளிர்வார் என்று முன்கூட்டியே முடிவுசெய்ய நான் யார்?

மூன்று ஆண்டுகளாக அவ்வீட்டில் நோயாளியின் நலத்தையே விசாரித்து வந்தேன். "அம்மா, நேற்றிரவு உறங்கினீர்களா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் என் துணைவியாரோடு மீண்டும் சென்றேன். பிரசங்கம் செய்யவில்லை. நாங்கள் இருவரும் கட்டிலருகே அமர்ந்துகொண்டோம். அவர் அடுத்த அறையில் இரண்டு மணி நேரம் உறங்கினார். அவருடைய கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த அனலில் அவர் தனியே இருக்கவேண்டியதில்லை.

இவ்வாரம் உங்கள் தெருவிலும் நோயாளியின் அருகில் விழித்திருக்கும் ஒருவர் இருப்பார். அவருடைய நலத்தையும் கேளுங்கள்.

கர்த்தாவே, அனலுக்கு அருகில் இருப்போரைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.