ஹோல்டன் போன பிறகு

ஆஸ்திரேலியாவில் குடியேறும் எவரும் கார் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. "ஹோல்டனா, ஃபோர்டா?" சாமி, சாதி, சம்பளம் எதையும் கேட்காத ஊர் இதை மட்டும் கூசாமல் கேட்கும். இரண்டும் இல்லை என்றால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். தொண்ணூறுகளில் மேற்கு சிட்னியில் நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகும் முன்பே இதைக் கேட்டுவிட்டார். அவர் ஹோல்டன்காரர். நான் விழித்ததைப் பார்த்து, "அப்படியானால் நீ ஹோல்டன்தான், மேட்" என்று அவரே முடிவு செய்தார். அன்றிலிருந்து தேநீர் இடைவேளையில் எனக்கென்று ஒரு மேசை அமைந்துவிட்டது.

எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்தைக் கண்ட தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எம்.ஜி.ஆர். ரசிகருக்கு சிவாஜி படம் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பார்த்தாலும் வெளியே சொல்லமாட்டார், அவ்வளவுதான். இங்கே திரையரங்குக்குப் பதில் ஒரு மலை.

அந்த மலை சிட்னியிலிருந்து மேற்கே சுமார் 200 கி.மீ. தள்ளி, பாதர்ஸ்ட் என்ற ஊரில் இருக்கிறது. பெயர் மவுண்ட் பனோரமா. மலையைச் சுற்றி ஏறி இறங்கும் 6.213 கி.மீ. தார்ச்சாலைதான் பந்தயத் தடம். பந்தயம் இல்லாத நாட்களில் அது பொதுச் சாலை. ஓரத்தில் வீடுகள் உண்டு, தபால்காரர் போவார், வேக வரம்பு மணிக்கு 60 கி.மீ. அதே சாலையில் அக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 161 சுற்று, 1000 கி.மீ. ஓட்டுவார்கள். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் 174 மீட்டர் உயர வித்தியாசம். மேலே சுவரை உரசிக்கொண்டு இறங்கும் வண்டிகள், கான்ராட் நேர்ச்சாலைக்கு வந்ததும் மணிக்கு 290 கி.மீ.-க்கு மேல் போகும்.

மலையுச்சியில் மெக்ஃபிலமி பூங்கா என்ற மேட்டில் ரசிகர்கள் நாள்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். ஒரு பக்கம் ஹோல்டனின் சிங்கக் கொடி, ஒரு பக்கம் ஃபோர்டின் நீல முட்டைவடிவக் கொடி. குடி எல்லை மீறியபோது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 24 கேன் பீர்தான் என்று வரம்பு வைத்தார்கள். நம் ஊரில் அது ஒரு கல்யாணக் கோஷ்டிக்கே போதும். இவர்களோ அதை அநியாயம் என்றார்கள். பல வாரங்களுக்கு முன்பே வந்து பீரை மண்ணில் புதைத்துவைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

பாதர்ஸ்டில் நடப்பது டூரிங் கார் பந்தயம். அதன் அடிப்படை எளிமையானது. ஃபார்முலா ஒன் வண்டியை யாரும் வீட்டுக்கு ஓட்டிப் போக முடியாது. டூரிங் கார் என்பது கதவும் கூரையும் உள்ள, கடையில் விற்கும் குடும்ப வண்டி. பாதர்ஸ்டில் 1963-இல் தொடங்கியபோது விதி கறாராக இருந்தது: பொதுமக்களுக்கு விற்கும் வண்டியை, விற்கும் வடிவத்திலேயே ஓட்ட வேண்டும். ஞாயிறு ஜெயித்த வண்டி திங்கட்கிழமை ஷோரூமில் விலைபோகும் என்பது வியாபாரிகளின் கணக்கு. ஃபோர்டு தன் ஃபால்கன் ஜி.டி.-எச்.ஓ. வண்டியைத் தயாரித்து விற்றதே பாதர்ஸ்டில் ஜெயிக்கத்தான். 1971-இல் ஆலன் மொஃபட் அதில் தனி ஆளாக 500 மைல் ஓட்டி ஜெயித்தார். காற்றில் பறந்து வந்த பீர் அட்டைப்பெட்டி ஒன்று ரேடியேட்டர் முன்னால் ஒட்டிக்கொண்டது. அவர் நிறுத்தவே இல்லை. பெட்டியையும் சேர்த்தே ஓட்டினார். அதைப் பார்த்தவர் மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு ஃபால்கனில் போயிருப்பார். தன் வண்டிக்கும் அந்த வண்டிக்கும் ஒரே வம்சம் என்ற நினைப்பு அவருக்கு இருந்திருக்கும். இந்த விளையாட்டின் பலம் அந்த நினைப்புதான்.

ஹோல்டன் பக்கத்துக்கு ஒரே தெய்வம், பீட்டர் பிராக். பாதர்ஸ்டில் ஒன்பது முறை ஜெயித்தவர். 1979-இல் டோரானா வண்டியில் அவரும் ஜிம் ரிச்சர்ட்ஸும் இரண்டாவதாக வந்தவரை ஆறு சுற்று முந்தியிருந்தார்கள். ஆறு சுற்று என்றால் ஏறக்குறைய 37 கி.மீ. தூங்கி வழிந்துகொண்டே ஓட்டியிருந்தாலும் ஜெயித்திருக்கலாம். பிராக்கோ கடைசிச் சுற்றில் அதுவரை இருந்த சுற்று வேகச் சாதனையை உடைத்தார். எங்கள் லேத்காரர் இந்தக் கதையை வருடத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். சொல்லும்போது கை தானாக கியர் மாற்றும்.

ஃபோர்டு பக்கத்துக்கும் கதை இருந்தது. 1980-இல் முன்னணியில் போய்க்கொண்டிருந்த டிக் ஜான்சனின் ஃபால்கன், தடத்தில் கிடந்த பாறாங்கல்லில் மோதி நொறுங்கியது. அவர் கையில் இருந்த காசெல்லாம் அந்த வண்டிக்குள் போயிருந்தது. தொலைக்காட்சியில் அவர் கண்கலங்கியதைப் பார்த்த நாடு போனை எடுத்துப் பணம் தருவதாகச் சொன்னது. மக்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் தானும் தருவதாக ஃபோர்டு சொன்னது. அந்தப் பணத்தில் வண்டி செய்து, அடுத்த ஆண்டு அதே மலையில் அவர் ஜெயித்தார். ரசிகர்கள் காசு போட்டுச் செய்த வண்டி! அப்படிப்பட்ட விளையாட்டை விட்டு ஒருவர் எப்படி விலகுவார்?

ஆனால் விலகினார்கள். ஏன் என்று கேட்டால் பழைய ரசிகர்கள் ஒரே குரலில் சொல்வது, "இப்போது ஓடுவது உண்மையான கார் இல்லை" என்பது. பாதி உண்மை. மீதிப் பாதியை அறிய 1992-க்குப் போக வேண்டும்.

அப்போது பன்னாட்டு விதிப்படி பந்தயம் நடந்தது. நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். எல்லாரையும் அடித்து வீழ்த்தியது. டர்போ, நான்கு சக்கர இயக்கம் எல்லாம் கடையில் விற்ற காரிலேயே இருந்தவை. விதியின் எழுத்துக்கும் உணர்வுக்கும் பொருந்திய வண்டி. அந்த ஆண்டு மழையில் ஜிம் ரிச்சர்ட்ஸ் ஓட்டிய நிஸான் வழுக்கி நொறுங்கியது; பந்தயம் நிறுத்தப்பட்டது. விதிப்படி முந்தைய சுற்றின் வரிசையைக் கொண்டு முடிவை அறிவித்தபோது, நொறுங்கிக் கிடந்த நிஸானே வெற்றி பெற்றது. மேடையேறிய ரிச்சர்ட்ஸையும் அவருடைய இணை ஓட்டுநர் மார்க் ஸ்கைஃபையும் கூட்டம் கூச்சலிட்டு அவமதித்தது. அன்றைய பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்துபோன டென்னி ஹியூம், ரிச்சர்ட்ஸுக்கு நண்பர், அவரைப் போலவே நியூசிலாந்துக்காரர். அந்தத் துக்கத்தில் நின்றிருந்த ரிச்சர்ட்ஸ், நேரலையில் அத்தனை பேரையும் ஒரு கெட்ட வார்த்தையால் திட்டினார். பிராக்கோடு சேர்ந்து ஹோல்டனில் ஜெயித்த அதே ரிச்சர்ட்ஸ். நிஸானில் ஏறியதும் அந்நியராகிவிட்டார்.

அடுத்த ஆண்டே விதி மாறியது. ஐந்து லிட்டர் வி8 எஞ்சின் பூட்டிய ஃபால்கனும் ஹோல்டனின் கொமடோரும்தான் இனி முன்வரிசை, நிஸானுக்கு இடமில்லை. பழைய ரசிகர்கள் பொற்காலம் என்று கொண்டாடும் தொண்ணூறுகளும் இரண்டாயிரங்களும் இந்த விதியில் பிறந்தவை. 'உண்மையான கார்' வேண்டும் என்பவர்கள், கடையிலிருந்து அப்படியே வந்த காரைத்தான் கூச்சலிட்டு விரட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது உண்மையான கார் இல்லை, தங்கள் கார். இதைப் பழியாகச் சொல்லவில்லை. எந்த விளையாட்டிலும் நியாயத்தைப் பார்த்து ரசிகர் ஆனவர் யார்?

தங்கள் கார் என்ற ஒன்று இருக்கும்வரை எல்லாம் நன்றாக நடந்தது. 1996 முதல் 2010 வரை தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்றது ஹோல்டன் கொமடோர். 2011-இல் மஸ்டா3 அதைத் தாண்டியது. இறக்குமதி வரி குறைந்தது, டாலர் மதிப்பு ஏறியது, பெட்ரோல் விலை உறுத்தியது. பெரிய செடான் வாங்கிய குடும்பங்கள் சின்ன காருக்கும் எஸ்.யு.வி.க்கும் யூட் எனும் பிக்அப் வண்டிக்கும் மாறின. மலையில் கொமடோருக்குக் கைதட்டிவிட்டு ஜப்பான் காரில் வீடு திரும்பியவர்கள் ஏராளம். கடைசியில் 2016 அக்டோபரில் ஃபோர்டு பிராட்மெடோஸ் ஆலையை மூடியது. 2017 அக்டோபர் 20 அன்று எலிசபெத் நகரில் கடைசி ஹோல்டன் வண்டி வெளியே வந்தது. 2020 பிப்ரவரியில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், ஹோல்டன் என்ற பெயரையே இழுத்து மூடப்போவதாக அறிவித்தது.

பந்தயம் மட்டும் நிற்கவில்லை. 2013 முதலே எல்லா வண்டிக்கும் அடியில் ஒரே மாதிரி சேஸிஸ், மேலே வேறு வேறு சட்டை. நிஸான், மெர்சிடிஸ், வால்வோ வந்தன. சில ஆண்டுகளில் போயும்விட்டன. 2018-இல் ஹோல்டன் பெயரோடு வந்த கொமடோர், ஜெர்மனியில் செய்த ஓப்பல் கார். 2023 முதல் ஒரு பக்கம் ஃபோர்டு மஸ்டாங், இன்னொரு பக்கம் ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே கமாரோ. அந்தக் கமாரோ ஆஸ்திரேலிய ஷோரூமில் அப்போது விற்பனையிலேயே இல்லை. ஞாயிறு ஜெயித்தால் திங்கட்கிழமை விற்க ஒன்றும் கிடையாது. இரண்டு வண்டிக்கும் காற்றுத்தடை சமமாக இருக்கிறதா என்று அந்த வருடம் முழுக்கச் சண்டை நடந்து, வட கரோலினாவில் உள்ள காற்றுச் சுரங்கம் வரை வண்டிகள் போய்வந்தன. 2026 முதல் டொயோட்டாவும் களத்தில். மெல்போர்னின் ஆல்டோனாவில் பல ஆண்டுகள் கார் செய்த நிறுவனம்தான். ஆனால் பந்தயத்துக்கு அது அனுப்பியிருப்பது ஆஸ்திரியாவில் உருவான சுப்ரா. ஆஸ்திரேலியா இல்லை, ஆஸ்திரியா. கடையில் விற்ற சுப்ராவில் வி8 எஞ்சினே கிடையாது. பந்தய சுப்ராவில் உண்டு.

இதோடு 2015 முதல் ஆண்டுத் தொடரின் எல்லாப் பந்தயங்களையும் நேரலையில் பார்க்கக் கட்டணத் தொலைக்காட்சி வேண்டும் என்றாகிவிட்டது. பாதர்ஸ்ட் போன்ற சிலவற்றைத்தான் இலவசமாகக் காட்டினார்கள். ரசிகர் கைவிட்டதற்கு இதையே காரணமாகச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது சாக்கு என்றே படுகிறது. பிடித்திருந்தால் கடன் வாங்கியாவது பார்த்திருப்பார்கள்.

எங்கள் லேத்காரர் இப்போது ஓய்வில் இருக்கிறார். பாதர்ஸ்ட் ஞாயிறு அன்று அவர் வீட்டுக்குப் போனால் பந்தயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அது 1979. நேரலை ஓடாது. கராஜில் அவருடைய கொமடோர், துணி போர்த்தி. கமாரோ ஜெயித்தால் ஹோல்டன் ஜெயித்த மாதிரிதானே என்று ஒருமுறை சீண்டினேன். "என் மனைவி செத்துப்போனால் அவள் தங்கச்சியைக் கட்டிக்கொள்ளச் சொல்வாயா?" என்றார். அவர் மனைவி சமையலறையிலிருந்து சிரித்தார்.

மறைமலை நகரில் ஃபோர்டு கார் ஆலை 2022-இல் நின்றபோது அவரிடம் சொன்னேன். அங்கே வேலை பார்த்த உறவுக்காரப் பையன் ஒருவன் எனக்கு உண்டு. அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊரில் அந்த வண்டியை வைத்து ரேஸ் நடந்ததா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் உங்களுக்கு வேலை மட்டும்தான் போனது." அவர் இரக்கமில்லாமல் பேசவில்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பையனுக்குப் போன வேலையை 'மட்டும்' என்று யாரும் சொல்ல முடியாது, எலிசபெத்தில் வேலை இழந்தவர்களுக்கும்தான். ரசிகரின் சோகம் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சின்னதுதான்.

என் மகன் இந்த ஊரில் பிறந்தவன், வேறு கணக்கு வைத்திருக்கிறான். "அப்பா, வண்டி எதுவா இருந்தா என்ன? ஓட்டறவன்தானே முக்கியம்?" அவனுக்குப் பிடித்தவர் ஷேன் வான் கிஸ்பர்கன். இந்தத் தொடரில் மூன்று முறை பட்டம் வென்றுவிட்டு, 2023-இல் சிகாகோ தெருப் பந்தயத்தில் முதல் முயற்சியிலேயே ஜெயித்து அமெரிக்க நாஸ்கார் பக்கம் போய்விட்டார். மகனும் கூடவே போய்விட்டான். இப்போது நாஸ்கார் பார்க்கிறான். அவர்கள் தலைமுறைக்கு விசுவாசம் ஆளோடு பயணம் செய்கிறது. அதில் தவறொன்றும் இல்லை. இன்றைய பந்தயம் முன்பைவிட நெருக்கமானது என்று அவன் சொல்வதும் உண்மை. ஆறு சுற்று வித்தியாசத்தில் இன்று யாரும் ஜெயிக்க முடியாது. பாதுகாப்பும் கூடியிருக்கிறது. 1986-இல் கான்ராட் நேர்ச்சாலையில் மைக் பர்க்மன் என்ற ஓட்டுநர் இறந்தார். அடுத்த ஆண்டே வேகத்தைக் குறைக்க அங்கே ஒரு வளைவு போட்டார்கள். பழையது எல்லாமே பொன் என்பவர் அந்தக் காலத்து மரணங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விளையாட்டை நடத்துபவர்கள் ரசிகரைத் திரும்பக் கொண்டுவர விதிப் புத்தகத்தைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். எஞ்சினை மாற்றுகிறார்கள், இறக்கையைக் குறைக்கிறார்கள், 2025 முதல் இறுதிச்சுற்று முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். புதிய ரசிகர் வருவார், வரட்டும். மலையும் அக்டோபரில் நிறையத்தான் செய்கிறது. ஆனால் பழைய ரசிகரை இனி எந்த விதியும் அழைத்துவராது. வாசலில் நிற்கும் காருக்கும் மலையில் ஓடும் காருக்கும் இருந்த உறவு அறுந்தது பாதர்ஸ்டில் இல்லை. பிராட்மெடோஸிலும் எலிசபெத்திலும் அறுந்தது. அதற்கு முன்பே ஷோரூமில், கொமடோரைத் தாண்டிப் போய் வேறு காருக்கு முன்பணம் கட்டியபோது, ரசிகர்களே அதைப் பாதி அறுத்திருந்தார்கள்.