மாயாற்றங்கரைப் பட்டாக்கள்

முக்கூர்த்தி மலையில் பிறக்கும்போது அதற்குப் பெயர் பைக்காரா. நீலகிரியின் விளிம்பில் அருவியாக விழுந்து இறங்கியதும் மாயாறு. 1932லேயே இதன் தண்ணீரில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆறு பாயும் முதுமலைக்குள் பெரிய குழப்பமில்லை. 1940ல் சரணாலயம், 2007ல் புலிகள் காப்பகம். எது காடு என்று எல்லோருக்கும் தெரியும்.

தெப்பக்காட்டைத் தாண்டினால் கதை வேறு. ஆற்றின் தென்பக்கம் சீகூர் சமவெளி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய்வரும் வழி இது. ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் மாயாற்றின் கிடுகிடு பள்ளம். மிச்சமிருக்கும் நடுப்பட்டையில்தான் மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் எல்லாம். காப்புக்காட்டை ஒட்டியே பட்டா நிலம். மாடு மேய்ந்த இடங்களில் ரிசார்ட்டுகள் முளைத்தன, சுற்றிலும் மின்வேலியோடு.

சட்டம் இல்லாமலில்லை. மலைக்கிராமங்களில் மனை பிரிப்பதைக் கட்டுப்படுத்தும் ‘ஹாகா’ (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) 1990லேயே வந்துவிட்டது. ஆனால் அனுமதிக்கான ஃபைல் ஒவ்வொரு சர்வே எண்ணாகத்தான் நகரும். ஒரு வேலியைத் தனியாகப் பார்த்தால் தொந்தரவே தெரியாது. பத்து வேலி வரிசையாக நின்றால் வழி போச்சு. வழி முழுவதையும் ஒரே வரைபடமாக்கிய அரசாணை 2010ல்தான் வந்தது. 2011ல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது, 2018ல் ரிசார்ட்டுகளுக்குச் சீல், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் உறுதி. அடுத்த ஜனவரியில், மசினகுடியில் தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானைமீது எரியும் டயரை வீசினார்கள். காதில் மாட்டிக்கொண்ட நெருப்போடு அது ஓடிய வீடியோவை ஊரே பார்த்தது. யானை பிழைக்கவில்லை.

வரைபடம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. மேலிருந்து வந்ததில்தான் வருத்தம். ரிசார்ட் முதலாளியும் ரெண்டு ஏக்கர் ராகிக்காரரும் ஒரே கோட்டுக்குள் சிக்கினார்கள். யானை எந்த ஓடையில் இறங்கும் என்று இங்குள்ள இருளர் பழங்குடிகளுக்குத் தெரியும். கிராம சபையில் உட்காரவைத்துக் கேட்டுவிட்டுக் கோடு போட்டிருக்கலாம்.

கீழே பள்ளத்தாக்கில் தெங்குமரஹாடா. 1948ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அரசிடம் நிலம் குத்தகை வாங்கிக் குடியேறிய ஊர். பஸ் அக்கரையோடு நின்றுவிடும், அங்கிருந்து பரிசல். ஆற்றில் வெள்ளம் வந்தால் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக முடியாது. இந்த ஊரைக் குடும்பத்துக்கு 15 லட்சம் கொடுத்து வெளியேற்ற உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலே பட்டா கையில் இருந்தவர்கள் பத்து வருஷம் வழக்காடினார்கள். குத்தகைக்காரர்களுக்கு அந்தத் தெம்பு ஏது?

பவானிசாகரில் மாயாறு பவானியோடு சேர்கிறது. 1955ல் முடிந்த அணை, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று ஈரோட்டு விவசாயிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து போராடினார்கள். ஆனால் அதே ஆற்றின் மேல்பக்கம், சீகூரில் ஒரு கட்டிடத்துக்கு அனுமதி கொடுத்ததற்காக அவர்களில் யாரும் மறியல் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.